மரத்தை அழிக்கும் காளான்களைக் களத்தில் அடையாளம் காணுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் அதையொட்டிய மாவட்டங்களிலும் சாலையோர மரங்களையும் வீட்டு மரங்களையும் ஏறிப் பார்த்தும் தட்டிப் பார்த்தும் அறிக்கை எழுதுவது என் தொழில். மரக்காளான்களைப் பற்றி வீட்டுக்காரர்களும் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இவை பெரும்பாலும் சமவெளி மரங்களைப் பற்றியவை. நீலகிரியின் பைன், சைப்ரஸ் மரங்களுக்கு இவற்றில் சில பொருந்தா.

மரத்தில் காளான் முளைத்துவிட்டது. மரம் செத்துவிடுமா?

மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, பூஞ்சைக்குக் காளான் அப்படி. பூஞ்சையின் உடல் மெல்லிய இழைகளாகக் கட்டைக்குள் பரவிக் கிடக்கிறது. அது போதிய அளவு தின்று வளர்ந்த பிறகுதான் வித்துகளைப் பரப்புவதற்காகக் காளானை வெளியே தள்ளுகிறது. ஆகவே பெரிய காளான் கண்ணில் படும் நாளில், உள்ளே அழுகல் தொடங்கிப் பெரும்பாலும் சில ஆண்டுகளாவது கடந்திருக்கும். ஆனால் அழுகிய மரமெல்லாம் சாகும் மரம் என்று கொள்ளக் கூடாது. தச்சர்கள் வைரம் என்றும் சேகு என்றும் சொல்லும் உள்கட்டை, மரம் நிற்கும்போதே உயிரற்றதுதான். நீரை மேலேற்றுவது வெள்ளை எனப்படும் வெளிக்கட்டை. ஆண்டுதோறும் புதுக் கட்டையைச் சேர்ப்பது பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய உயிரடுக்கு. நடுவே ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்த புளியமரம் காய்த்துத் தள்ளுவதைக் கிராமங்களில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எனவே நான் அறிக்கையில் விடை தேடுவது வேறு கேள்விக்கு: மரம் உடையுமா, உடைந்தால் எந்த இடத்தில் உடையும், அந்த நேரத்தில் அதன் கீழே யார் இருப்பார்கள்?

காளானின் பெயரைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? எதுவாக இருந்தாலும் வெட்டத்தானே போகிறோம்?

எதுவாக இருந்தாலும் வெட்ட வேண்டியதில்லை. அதைத் தீர்மானிப்பதற்குத்தான் பெயர் வேண்டியிருக்கிறது. பெயர் தெரிந்தால் அந்தப் பூஞ்சை கட்டையில் எதைத் தின்கிறது என்பது தெரியும். எதைத் தின்கிறது என்பது தெரிந்தால் மரம் எப்படி முறியும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். மரக்கட்டையை ஒரு கான்கிரீட் தூணாக எண்ணிக்கொண்டால், செல்லுலோஸ் அதன் கம்பி, லிக்னின் அதன் காரை.

வெள்ளை அழுகலை உண்டாக்கும் பூஞ்சைகள் லிக்னினை அழிக்கின்றன. சில லிக்னினை முதலில் தின்னும், சில செல்லுலோஸையும் சேர்த்தே தின்னும். அழுகிய கட்டை வெளிறி, நார் நாராகப் பிரிந்து, முற்றிய நிலையில் ஈரப் பஞ்சுபோல் ஆகிவிடும். கம்பி ஓரளவு மிஞ்சியிருக்கும் வரை இத்தகைய கட்டை வளைந்துகொடுக்கும். மரமும் அந்த இடத்தில் கூடுதலாகக் கட்டை சேர்த்துப் பருத்து நமக்குத் தடயம் காட்டும். பழுப்பு அழுகலில் செல்லுலோஸ் போய் லிக்னின் மிஞ்சுகிறது. கட்டை பழுப்பேறி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். இதில் எடை 10 சதவீதம்கூடக் குறையும் முன்பே வலிமையின் பெரும்பகுதி போய்விடக்கூடும் என்பதால், பார்வைக்கு நல்ல கட்டையாக இருப்பது எச்சரிக்கை எதுவுமின்றி முறியலாம். மூன்றாவதான மென்னழுகலில் பூஞ்சை செல்சுவருக்குள்ளேயே துளைகளைக் குடைந்துகொண்டு போகிறது. முறிந்த முகம் உடைந்த ஓடுபோல் வழவழப்பாக இருக்கும். நம் சமவெளியின் அகன்ற இலை மரங்களில் வெள்ளை அழுகலே மிகுதி. பழுப்பு அழுகல் ஊசியிலை மரங்களிலும் கட்டடச் சட்டங்களிலுமே அதிகம் தென்படும்.

மரத்தின் அருகே போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

காளானை அல்ல, மரத்தை. அது தூங்குமூஞ்சியா, மயில்கொன்றையா, இயல்வாகையா, வேம்பா என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பூஞ்சைகளை அதிலேயே ஒதுக்கிவிடலாம். அடுத்தது இடம். வேர்க்கழுத்திலும் தூரிலும் முளைத்த காளான் வேர்களும் அடித்தண்டும் அழுகுவதைச் சொல்கிறது. மரம் வேரோடு சாயும் வாய்ப்பைப் பார்க்க வேண்டும். கவையிலோ பழைய கிளைவெட்டிலோ முளைத்தது அந்தக் கொம்பைப் பற்றிய செய்தி. பெரும்பாலும் பாரத்தைக் குறைத்தோ அந்தக் கொம்பை மட்டும் எடுத்தோ மரத்தைக் காப்பாற்றிவிடலாம். தண்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் புல்லுக்குள் நிற்கும் காளான்கூடப் புதைந்துள்ள வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பதால், மரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்த பிறகே குனிந்து பார்ப்பது என் வழக்கம். தூரைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருந்தாலும் மண் மேவியிருந்தாலும் வேர்க்கழுத்து தெரியாது. அதைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

காலமும் முக்கியம். ஆண்டுக்கொரு முறை முளைத்து மடியும் காளான்கள் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் நன்றாகத் தெரியும். மே மாதத்தில் பார்த்துவிட்டுக் காளான் இல்லை என்று எழுதுவதில் பெரிய பொருள் இல்லை.

கனோடெர்மாவை எப்படி உறுதி செய்வது?

நம் ஊர் மரத்தூர்களில் அதிகம் காண்பது இதையே என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கனோடெர்மா கட்டைபோல் கெட்டியான, தட்டு வடிவக் காளான். ஒரு வகைக்கு மேற்பரப்பு செம்பழுப்பாக, வார்னிஷ் பூசியதுபோல் மின்னும். சிலவற்றுக்குக் காம்பும் உண்டு. மற்றொரு வகைக்கு மேற்பரப்பு மங்கலான பழுப்பாக, வரப்பு வரப்பாக, உலர்ந்த சேற்றைப்போல் இருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் விளிம்பு இரண்டிலும் வெண்மையாக இருக்கும். அடிப்பக்கத்தில் குடைக்காளானுக்கு இருப்பதுபோன்ற செதில்கள் இரா. கைவில்லையால் பார்த்தால் நுண்ணிய துளைகள் தெரியும். உயிருள்ள காளானின் அந்த வெள்ளை அடிப்பக்கத்தை நகத்தால் கீறினால் கீறிய இடம் பழுப்பாகிவிடும். காளானின் மேலும் அதன் கீழுள்ள புல்லிலும் கோகோ பொடி தூவியதுபோன்ற பழுப்புத் தூசி படிந்திருந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது: அவை வித்துகள். கனோடெர்மா அப்ளனாட்டத்தின் ஒரு பெரிய காளான் ஒரே நாளில் 3,000 கோடி வித்துகள் வரை உதிர்க்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகும், பக்கத்து மரத்துக்குத் தொற்றாதிருக்கக் காளானை அகற்றிவிட்டேன் என்று சொல்பவரிடம் எனக்கு வாதாட மனமில்லை.

இன்னொரு தடயமும் உண்டு, இது எந்தத் தட்டுக்காளானுக்கும் பொருந்தும். காளான் தன் துளைகளை எப்போதும் நேர்க்கீழாகவே வைத்துக்கொள்ளும். பழைய அடுக்குகள் சாய்ந்தும் புதிய அடுக்கு தரைக்குக் கிடையாகவும் இருந்தால், காளான் முளைத்த பின் மரம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட மரத்தின் கீழே நின்று குறிப்பெழுதாதீர்கள்.

சிற்றினம் எது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முயல வேண்டாம். வெப்பமண்டலக் கனோடெர்மாக்களின் பெயர்கள் அறிவியலாளரிடையேயே இன்னும் அடங்கவில்லை. லூசிடம் என்ற ஒரே பெயரை மின்னும் காளான்கள் அத்தனைக்கும் வைத்த காலம் ஒன்று இருந்தது. களத்தில் கனோடெர்மா என்று இனத்தளவில் நின்றுவிடுவது நேர்மையானது, நம் வேலைக்குப் பெரும்பாலும் போதுமானதும்கூட.

தூரைச் சுற்றிக் கறுப்பாக, தார் பூசியதுபோல் இருக்கிறது. இதுவும் காளானா?

யாரோ உண்மையிலேயே தார் பூசியிருக்கலாம் என்பதை முதலில் விசாரியுங்கள். அது இல்லையென்றால் இரண்டு பூஞ்சைகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, தாவரவியலாளர் கோர்னர் 1932இல் விவரித்த பழுப்பு வேரழுகல் பூஞ்சை (பெயர் ஒத்தாலும், மேலே சொன்ன பழுப்பு அழுகல் இதுவன்று). நெடுங்காலம் பெல்லினஸ் நாக்சியஸ் என்று அழைக்கப்பட்டு, 2018 முதல் பைரோடெர்மா நாக்சியம் என்ற பெயரைப் பெற்றிருக்கிறது. இது வேரிலிருந்து ஏறித் தூரைச் சுற்றிக் காலுறை அணிவித்ததுபோல் கரும்பழுப்பு மேலோடு ஒன்றைப் படரவிடும்; அதன் மேல்விளிம்பு வளரும்போது வெளிறி இருக்கும். தோண்டிப் பார்த்தால் மண்ணும் கல்லும் வேரோடு ஒட்டிப் பிடித்திருக்கும். அழுகிய கட்டையைப் பிளந்தால் தேன்கூட்டைப்போல் பழுப்புக் கோடுகள் ஓடும். தட்டுக்காளான் அரிதாகவே முளைக்கும் என்பதால், காளானைத் தேடுபவர் இதைத் தவறவிடுவார். இது உயிருள்ள வேர்ப்பட்டையையும் கொல்லும். ஒரு மரத்து வேர் அடுத்த மரத்து வேரைத் தொடும் இடத்தில் தாவும். வரிசையாக நட்ட மரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுப்போனால் இதை முதலில் ஐயுறுங்கள். ஹாங்காங்கும் தைவானும் நகர மரங்களில் இதனோடு மல்லுக்கட்டி வருகின்றன.

மற்றொன்று கிரெட்ஸ்மேரியா டியூஸ்டா. தேயிலைத் தோட்டங்களில் பழைய நூல்கள் உஸ்டுலினா என்று குறித்தது இதையே. இளமையில் சாம்பல் நிறமும் வெள்ளை விளிம்பும் கொண்ட படலமாக இருந்து, பிறகு கரிந்த கட்டைபோல் கறுத்து, அழுத்தினால் நொறுங்கும். மேலே கிளைகள் செழித்திருக்கும்போதே தூர் ஓடுபோல் முறியும் என்பதால், சிறிய படலத்தைக் கண்டாலும் இதை நான் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனை உதவுமா?

உதவும், ஓரளவுக்கு. 3 முதல் 5 சதவீதக் கரைசலில் ஒரு சொட்டைக் காளானின் பழுப்புச் சதையில் விட்டால், பெல்லினஸ் வகையறாக்களின் சதை உடனே கறுத்துவிடும். கனோடெர்மாவின் சதையும் சற்றுக் கருமையாவதால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. கையுறை அணியுங்கள், அது காரம்.

கிளைகளிலும் பட்ட கொம்புகளிலும் முளைக்கும் சிறு காளான்கள் ஆபத்தானவையா?

பெரும்பாலும் அவை ஏற்கெனவே பட்ட கட்டையில் குடியேறியவை. விசிறி வடிவில், சாம்பல் வெண்மையாக, அடியில் செதில்கள் நீளவாக்கில் பிளந்து காணப்படுவது ஷைசோபில்லம் கம்யூன். காதுமடல்போல் வழுவழுப்பாக இருப்பது ஆரிக்குலேரியா. குங்குமச் சிவப்பில் மெல்லிய தட்டாக இருப்பது டிராமெட்டஸ் சாங்குவினியா. வெயிலில் வாடிய கட்டையில் இதை ஏராளமாகக் காணலாம். கரிய உருண்டையாக, வெட்டினால் உள்ளே வளைய வளையமாகத் தெரிவது டால்டினியா. இவை கிளையில் இருந்தால் அந்தக் கிளை பட்டுவிட்டது என்று குறித்து அகற்றினால் போதும். உயிருள்ள தண்டில் நீளவாக்கில் வரிசையாக ஷைசோபில்லம் முளைத்திருந்தால் மட்டும் நின்று பாருங்கள்: கடும் வெயிலோ தீயோ வண்டியோ அந்தப் பக்கத்துப் பட்டையைக் கொன்றிருக்கும்.

இலையெல்லாம் பச்சையாக இருக்கும்போது வேர் அழுகியிருக்குமா?

இருக்கும். மரத்தைத் தாங்கும் வேலையும் நீர் கொடுக்கும் வேலையும் வேரின் வெவ்வேறு பகுதிகளுக்கு உரியவை. தடித்த பக்கவேர்களின் அடிப்புறம் மக்கிப்போயிருக்க, மேல்புறத்து வெளிக்கட்டையும் சல்லிவேர்களும் இலைக்குப் போதிய நீரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். குடியிருப்பு ஒன்றின் வாசலில் நின்ற மயில்கொன்றையின் தூரில் இரண்டு பெரிய கனோடெர்மாக்கள் இருந்தன. அடுத்த முறை நான் போனபோது அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காவியும் சுண்ணாம்பும் பட்டையாக அடித்திருந்தார்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. பூத்துக் குலுங்கிய அந்த மரம் ஒரு மழைநாளின் மறுநாள், காற்றே இல்லாத காலையில், வேரோடு சாய்ந்தது. குழியில் கைவிரலை விடத் தடித்த நல்ல வேர் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது. வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோதும், விழுந்த மரங்களில் பல பசுமையாகத்தான் கிடந்தன. வேரழுகல் மட்டுமே அதற்குக் காரணமன்று. குழாய் பதிக்கவும் நடைபாதை போடவும் வேரை அறுத்ததும் உண்டு, அறுத்த வேரின் வழியே பூஞ்சை நுழைந்ததும் உண்டு.

உள்ளே எவ்வளவு அழுகியிருக்கிறது என்பதை எப்படி அறிவது?

கடையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குபவருக்கு இந்தச் சோதனையைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. நைலான் சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தால் கெட்டியான இடமும் பொள்ளலான இடமும் வேறுவேறு ஒலி தரும். தூங்குமூஞ்சியின் தடித்த பட்டை கட்டையை விட்டு எழும்பியிருந்தால் பொய்யொலி வரும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். மெல்லிய கம்பி ஒன்றைப் பொந்துக்குள்ளும் வேர்களின் இடையிலும் செலுத்தி ஆழம் பார்க்கலாம். பெரிய, பழைமையான, அடியில் ஆள் நடமாட்டம் மிகுந்த மரமானால், 3 மில்லிமீட்டர் முனைகொண்ட ஊசியைச் செலுத்திக் கட்டையின் தடையை வரைபடமாக்கும் ரெசிஸ்டோகிராப் கருவியையோ, ஒலியலையால் குறுக்குவெட்டுப் படம் தரும் கருவியையோ கொண்டு பார்ப்பது நியாயமானது. ஊசி பூஞ்சையின் எல்லையைத் துளைக்கும் என்பதால் கணக்கில்லாமல் குத்தக் கூடாது.

அளந்த பின் கணக்கு. வட்டமான தண்டின் வளைவு எதிர்ப்பு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரத்தில் பாதி வரை பொந்தாகிப்போன தண்டு இந்த எதிர்ப்பில் ஏறத்தாழ 6 சதவீதத்தையே இழக்கிறது. 70 சதவீதம் வரை பொந்தானால் இழப்பு 24 சதவீதம். அதற்கு மேல் செங்குத்தாகச் சரிகிறது. ஜெர்மானியரான கிளாஸ் மத்தெக் முறிந்த மரங்களை அளந்து, மிஞ்சிய நல்ல சுவர் ஆரத்தில் 0.3 பங்குக்குக் குறைந்தால் எச்சரிக்கை என்று வகுத்ததும் இதற்கு அருகிலேயே வருகிறது. ஆனால் இந்தக் கணக்கு மூடிய குழாய்க்கு உரியது. ஒரு பக்கம் வாய் திறந்த பொந்துக்கும், தூரில் வேரோடு சேர்ந்த அழுகலுக்கும் இதை அப்படியே பொருத்தினால் தவறாகிவிடும். தலை வெட்டப்பட்டுக் குட்டையான முதிய மரமோ இதைவிட மெல்லிய சுவரோடும் நிற்கும்.

தென்னைக்கும் இதே விதிகள்தானா?

இல்லை. வெளியே வைரம் கொண்டவை புல், உள்ளே வைரம் கொண்டவை மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தென்னையிலும் பனையிலும் தண்டைப் பருக்கச் செய்யும் உயிரடுக்கு இல்லை. பட்ட காயம் மூடாது, அழுகிய இடத்தில் புதுக் கட்டை சேராது. தஞ்சாவூர் மாவட்டத்தில் 1952இல் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர்பெற்ற நோய் கனோடெர்மாவால் வருவதே. அடிமட்டைகள் வாடித் தண்டை ஒட்டித் தொங்குவதும், தூருக்கு மேலே பட்டையிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிவதும் முன்னடையாளங்கள். காளான் கடைசியில்தான் வரும், வராமலும் போகும். நோயுற்ற தென்னையைச் சுற்றி அகழி எடுத்து மற்றவற்றிலிருந்து பிரிப்பதும் வேப்பம் பிண்ணாக்கு இடுவதும் விவசாயிகள் அறிந்த முறைகள். தென்னந்தோப்பு என் துறை அல்ல. வேளாண் அலுவலரைக் கேளுங்கள். வீட்டு முற்றத்துத் தென்னையின் தூரில் கனோடெர்மா முளைத்திருந்தால் மட்டும், காப்பாற்றலாம் என்று நான் சொல்வதில்லை.

ஆலமரத்துக்கு?

ஆலுக்கு விழுதுகள் இருக்கும்போது அடிமரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஹவுராவின் சிப்பூர் தாவரவியல் தோட்டத்திலுள்ள பெரிய ஆலமரம் 1864, 1867ஆம் ஆண்டுப் புயல்களில் அடிபட்டுப் பூஞ்சைக்கு இடம் கொடுத்தது. அழுகிய அடிமரத்தை 1925இல் அகற்றிவிட்டார்கள். மரம் விழுதுகளின் மேல் இன்றும் பரந்து நிற்கிறது. ஒதுங்கும் நிழலுக்காக விழுதுகளை வெட்டிச் சுத்தம் செய்யும் ஊர்களில் இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

காளானைச் சுரண்டி, பொந்தைச் சுத்தம் செய்து, சிமென்ட் வைத்து அடைத்தால் நிற்குமா?

மூன்றுமே வேண்டாத வேலைகள். காளானைச் சுரண்டினால் பூஞ்சை போகாது, அடுத்து வருபவருக்குத் தடயம் போகும். பொந்தை நல்ல கட்டை வரும்வரை செதுக்குவது அதைவிடக் கேடு. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1977இல் அறுதியாக வெளியிட்ட விளக்கம் இது: மரம் புண்ணை ஆற்றுவதில்லை, சுற்றிலும் வேதித் தடுப்புகளை எழுப்பி அதைத் தனிமைப்படுத்துகிறது. செதுக்கும் உளி அந்தத் தடுப்பை உடைத்துப் பூஞ்சையை நல்ல கட்டைக்குள் விட்டுவிடுகிறது. சிமென்டோ மரத்தோடு ஆடாது; காற்றில் மரம் அசையும்போது விளிம்பை உரசிப் புதுப் புண் செய்யும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், கடைசியில் வெட்டுபவரின் ரம்பத்தையும் உடைக்கும். நிற்கும் நகர மரத்தின் கட்டைக்குள் இருக்கும் பூஞ்சையை அழிக்கும் மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கரையான் புற்று இருக்கிறது. அழுகலுக்கு அதுதான் காரணமா?

பெரும்பாலும் பூஞ்சை முன்னே போகும், கரையான் பின்னே வரும். மண்பூச்சை விலக்கிவிட்டு அடியிலுள்ள கட்டையைப் பாருங்கள்.

வேப்பமரத்தின் கிளைநுனிகள் எல்லாம் கருகிவிட்டன. இதுவும் கட்டையழுகலா?

அன்று. அண்மை ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் கண்ட அந்தக் கருகலுக்குப் போமாப்சிஸ் அசாடிராக்டே என்ற வேறு பூஞ்சையும் தேயிலைக் கொசு எனப்படும் பூச்சியும் காரணம். மரங்கள் பெரும்பாலும் மீண்டும் துளிர்த்துவிடும். அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்.

இந்தக் காளான்களைத் தின்னலாமா?

என்னைக் கேட்டுத் தின்ன வேண்டாம்.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது எப்படி?

காளானை அகற்றுவதற்கு முன் அதன் மேல், அடி, பக்கம், மரத்தில் அது நிற்கும் இடம் ஆகியவற்றை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். பிறகு அடிச்சதையோடும் ஒட்டிய கட்டையோடும் ஒரு துண்டை மட்டும் வெட்டித் தாள் உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து, வேறு பூசணம் பிடித்து, ஆய்வகம் அந்தப் பூசணத்தின் பெயரை உங்களுக்கு அனுப்பிவைக்கும். மரத்தின் பெயர், நாள், தரையிலிருந்து உயரம் ஆகியவற்றை உறையின் மேல் எழுதுங்கள்.

அறிக்கையில் என்ன எழுத வேண்டும்?

கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதுங்கள். தூரின் வடக்குப் பக்கத்தில், தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள உயிருள்ள தட்டுக்காளான் என்பது கண்டது. கனோடெர்மா இனம், சிற்றினம் உறுதி செய்யப்படவில்லை என்பது கருதியது. தட்டிப் பார்த்ததில் சுற்றளவில் எவ்வளவு பொள்ளலொலி தந்தது, மரம் சாய்ந்தால் எதன்மேல் விழும், பாரக் குறைப்பு போதுமா, ஆள் நடமாட்டத்தை மாற்றிவிட முடியுமா, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பவை அடுத்து வரும். தூரில் காளான் உள்ள மரத்தை வைத்துக்கொள்ளச் சொன்னால் ஆண்டுக்கு இரு முறை, மழைக்கு முன்பும் மழையின்போதும் பார்க்கச் சொல்வேன். பொது நிலத்து மரமானால் வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்; அங்கே உங்கள் அறிக்கைதான் சான்று என்பதை எழுதும்போதே நினையுங்கள்.

வெட்டிய இடத்திலேயே வேறு மரம் நடலாமா?

கனோடெர்மாவால் போன மரமானால், தூரையும் தடித்த வேர்களையும் தோண்டி எடுத்து, மண்ணை மாற்றி, சில அடி தள்ளி நடுங்கள். இளங்கன்றின் காயமற்ற வேரை அது பெரும்பாலும் தொடுவதில்லை. பழுப்பு வேரழுகலால் போன மரமானால் நிலைமை வேறு. அந்தப் பூஞ்சை மண்ணில் கிடக்கும் வேர்த்துண்டுகளில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். விரல் தடிமனுள்ள வேர்வரை சலித்து எடுத்து எரிக்காமல் அங்கே எந்த மரக்கன்றையும் நட வேண்டாம். எடுக்க முடியாத இடமானால் சில ஆண்டுகளுக்குப் புல்லோடு விட்டுவிடுங்கள். அந்தத் தூரைத் தோண்டிய மண்வெட்டியையும் கடப்பாரையையும் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த மரத்துக்குக் கொண்டுபோங்கள்.